ஓர் உயிருக்கு ஒரு சட்டை

அத்தியாயம் 9

கலைப்பிரியாவுக்குத் தண்ணீரைக் குடிக்கப் பிடிக்கும், குளிக்கப் பிடிக்கும். அதன் மேல் ஏறி நிற்க மட்டும் பிடிக்காது. இருபத்தொன்பது வயதில் இதைப் படகில் ஏறிக்கொண்டே சொன்னால் யாரும் மதிக்கமாட்டார்கள் என்பதும் தெரியும். அதனால் முன்னால் போன குமரேசனின் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டு இரும்புப் பலகையில் கால் வைத்தாள். பலகை கொஞ்சமாக ஆடியது. அவள் இன்னொரு கையாலும் சட்டையைப் பிடித்தாள்.

"ஆபீஸ்ல உக்காந்துக்கினே கண்டுபிடிக்கிற கேஸ் எதுவும் நமக்கு வராதா சார்?"

"வந்துச்சே. போன வாரம், நாயக் காணோம்னு."

"அதுல நான் கடி வாங்கினேன்."

"ஆபீஸ்ல உக்காந்துக்கினேதான வாங்கின."

இதைச் சொல்லும்போது குமரேசன் அவள் பக்கம் திரும்பவே இல்லை. அவர் கண் படகில் ஏறிக்கொண்டிருந்த வண்டிகளின் மேல் இருந்தது. முகத்தில் சிரிப்பு இல்லாமல் அவர் தமாஷ் பேசினால் நிலைமை மோசம் என்று அர்த்தம், அது கலைப்பிரியாவுக்கு நான்கு வருஷப் பாடம்.

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு பேக்கரியின் மாடியில் துப்பறியும் நிலையம் நடத்துகிறவர் குமரேசன். முன்பெல்லாம் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக, மோதி நசுங்கிய வண்டிகளைப் பார்த்து யார் மேல் தப்பு என்று சொல்லிக்கொண்டிருந்தார். இப்போது பெரும்பாலும் மாப்பிள்ளை குடிப்பானா என்று பார்த்துச் சொல்கிறார். அந்த நிலையத்தின் மொத்த ஊழியர் படையும் கலைப்பிரியாதான். முந்தாநாள் சாயங்காலம் முனியம்மாள் மாடிப்படி ஏறி வந்ததிலிருந்து இரண்டு பேருக்கும் சரியான சாப்பாடு இல்லை.

முனியம்மாளின் கணவர் விருத்தாசலம் இந்தப் படகின் டிரைவர். இரண்டு வருஷத்துக்கு முன் அடித்த புயலில் மரக்காணம் பக்கத்து உப்பங்கழியின் மேலிருந்த பாலம் இடிந்துபோனது. புதுப் பாலம் வரும்வரை என்று சொல்லி ஒரு கான்டிராக்டர் கேரளாவிலிருந்து இந்தத் தட்டையான இரும்புப் படகைக் கொண்டுவந்து விட்டார். அங்கே அதற்கு ஜங்கார் என்று பேர். இங்கேயும் அதுவே நிலைத்துவிட்டது. இந்தக் கரை உப்பளத்துறை, அந்தக் கரை வேப்பந்திட்டு. நடுவில் இருபத்தைந்து நிமிஷம் தண்ணீர்தான். ஆறு வண்டியும் நாற்பது ஆளும் ஏறலாம்.

பதினைந்து நாளைக்கு முன் நடுத் தண்ணீரில் பலகைச் சங்கிலி அறுந்தது. வண்டிகள் ஏறி இறங்குகிற அந்தப் பலகைதான், தூக்கிக் கட்டினால் படகுக்கு முன்பக்கக் கதவு. அது சரிந்ததும் முன்னால் நின்றிருந்த கார் சறுக்கிக்கொண்டு தண்ணீருக்குள் போய்விட்டது. அனந்தபுரத்துப் பெண் ஒருத்தி செத்துப்போனாள். சங்கிலி தேய்ந்துவிட்டது என்று கான்டிராக்டரிடம் நான்கு தடவை சொல்லியிருந்தார் விருத்தாசலம். நாளைக் காலை பத்து மணிக்குத் திண்டிவனத்தில் விசாரணை. அங்கேயும் அதைச் சொல்லத்தான் போகிறேன் என்று டீக்கடையில் சத்தமாகவே சொன்னார். மூன்று நாளைக்கு முன் அதே டீக்கடைக்குப் போனவர் வீடு திரும்பவில்லை.

பயந்து ஓடிவிட்டான் என்றார்கள் கான்டிராக்டரின் ஆட்கள். முனியம்மாள் அதை ஒரே பேச்சில் உடைத்துவிட்டாள். "ஓடறவரு சக்கரை மாத்திரைய எடுத்துக்கினு ஓடியிருப்பாருங்க."

அந்தச் சர்க்கரையையே குமரேசன் பிடித்துக்கொண்டார். விருத்தாசலம் அரிசிச் சோறு தொடமாட்டார், கேப்பைக் கூழ்தான். கான்டிராக்டரின் உப்புக் கிடங்கில் காவலுக்கு இருந்த மூன்று பேரும் பிரியாணிப் பேர்வழிகள். ஆனால் இரண்டு நாளாகக் காலையில் அங்கே ஒரு தூக்குக் கூழ் போகிறது என்று நேற்று கூழ்க்காரம்மா சொன்னார். ஆள் அங்கேதான் இருக்கிறார், உயிரோடு இருக்கிறார். இன்று காலை மறுபடி போய்க் கேட்டபோது, இன்றைக்கு யாரும் வாங்க வரவில்லை என்றார்.

"ஒண்ணு, ஆள் போயிட்டாரு. இல்ல, ஆளக் கெளப்பறாங்க," என்றார் குமரேசன். முதலாவதை இரண்டாம் தடவை அவர் சொல்லவில்லை.

சப்-இன்ஸ்பெக்டர் காயத்ரிக்குப் போன் போட்டார். அந்தம்மா நல்லவர்தான். முனியம்மாளின் புகாரை வாங்கியதே அவர்தான், நேற்றிலிருந்து தரை வழி இரண்டிலும் வண்டிகளைச் சோதனை போடச் சொன்னதும் அவர்தான். கிடங்கை இப்போதுதான் பார்த்தேன், காலி என்றார். அப்படியானால் மிச்சம் தண்ணீர் வழிதான், கான்டிராக்டரின் சொந்தப் படகை யார் சோதிப்பார்கள் என்றார் குமரேசன். காயத்ரி அதை ஒத்துக்கொண்டார்.

"வண்டி நம்பர் குடுங்க சார், ஜீப்போட வந்து நிக்கிறேன். நம்பர் இல்லாம அத்தன வண்டியையும் நிறுத்தினேன்னா நாளைக்கு என்ன நிறுத்திடுவாங்க."

அதனால்தான் இன்றைய முதல் நடையான இந்தப் பத்தரை மணி ஜங்கார். படகில் ஐந்து வண்டிகள். அதில் ஒன்றில் விருத்தாசலம் இருக்கிறார். வேப்பந்திட்டில் பலகை இறங்கிவிட்டால் பத்தே நிமிஷத்தில் ஈ.சி.ஆர். ரோடு. அப்புறம் அந்த வண்டி புதுச்சேரிக்கும் போகலாம், கடற்கரைக்கும் போகலாம். முனியம்மாளிடம் சொல்வதற்கு எதுவும் மிஞ்சாது.

பலகையைத் தூக்குகிற வின்ச் பக்கத்தில் நின்று ஏறுகிறவர்களை எண்ணிக்கொண்டிருந்தான் சேட்டு. நாற்பது வயதிருக்கும். படகில் கயிறு கட்டுவது, சக்கரத்துக்குக் கட்டை வைப்பது, பலகையை ஏற்றி இறக்குவது எல்லாம் அவன் வேலை. வண்டியில் வந்தவர்கள் வண்டியை விட்டு இறங்கியாக வேண்டும், அது விபத்துக்குப் பிறகு வந்த சட்டம். ஒவ்வொருவர் தோளையும் தொட்டு எண்ணி, அந்த வண்டியில் எத்தனை பேரோ அத்தனை லைஃப் ஜாக்கெட்டை அதன் பக்கக் கண்ணாடியில் மாட்டினான். ஜாக்கெட் என்று சொன்னால் பெண்கள் சிரிக்கிறார்கள் என்று இங்கே எல்லோரும் அதைச் சட்டை என்றுதான் சொல்வார்கள். நடந்து வந்தவர்களுக்குக் கையிலேயே கொடுத்தான்.

கலைப்பிரியா தன் ஆரஞ்சுச் சட்டையை வாங்கி மாட்டினாள். ஏதோ மீன் செத்த வாடை அடித்தது. மனசு ஆறவில்லை.

"அண்ணா, இன்னொண்ணு குடுங்க. இது எனக்கு. அது என் பயத்துக்கு."

சேட்டு சிரிக்கவில்லை. அவள் கை அடுத்த சட்டையைத் தொடுவதற்குள் அதைப் பிடுங்கிக்கொண்டான்.

"ஓர் உசுருக்கு ஒண்ணும்மா. கூடவும் குடுக்கமாட்டேன், கொறைக்கவும் மாட்டேன்."

அவன் குரலில் இருந்த ஏதோ ஒன்று அவளைச் சும்மா விடவில்லை. கோபம் மாதிரி தெரியவில்லை. அவனும் எதற்கோ பயந்துகொண்டிருக்கிறான் என்று தோன்றியது, அது அவளுடைய பயத்துக்குத் துணையாகவும் இல்லை. பலகை கிறீச்சிட்டு மேலே ஏறியது. இன்ஜின் உறுமியது. கரை நகர்ந்தது. கலைப்பிரியா கம்பியைப் பிடித்த கையை அப்புறம் எடுக்கவில்லை.

கரையிலிருந்து கொஞ்ச தூரம் போனதும் நடராசன் வந்தார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் சந்தனம், பேச்சில் தேன். கான்டிராக்டரின் மேனேஜர் என்று முனியம்மாள் காட்டிய போட்டோவில் இருந்த அதே முகம்.

"புதுசா இருக்கீங்களே. எந்த ஊருங்க?"

"காணைங்க," என்றார் குமரேசன். "தங்கச்சியோட கல்யாணப் பத்திரிகை வைக்கப் போய்க்கினு இருக்கோம்."

வேஷத்துக்காக எடுத்து வந்த பத்திரிகைக் கட்டு கலைப்பிரியாவின் கையில் இருந்தது. பேக்கரிக்காரர் வீட்டில் மிச்சமானது. நடராசன் ஒன்றை உருவிப் பிரித்தார். மஞ்சள் தடவிய மூலையைத் தடவிப் பார்த்தார். நிதானமாகப் படித்தார்.

"கல்யாணம் போன மாசமே முடிஞ்சிபோச்சே."

 இவர் கையைத் தட்டினால் போதும், நம்மைத் தூக்கித் தண்ணீரில் போடுவார்கள், அந்த ஒற்றைச் சட்டை என்னத்தைக் காப்பாற்றும் என்று நினைத்தாள் கலைப்பிரியா. ஆனால் வாய் மட்டும் அவளைக் கேட்காமல் எப்போதும் போலத் திறந்துகொண்டது.

"அதாங்க பேஜாரு. இந்த ஒரு வீட்ட விட்டுட்டோம். அத்த மூஞ்சத் தூக்கி வச்சிக்கினு இருக்காங்களாம். பத்திரிகையக் கையில குடுத்துட்டு நாலு திட்டு வாங்கிக்கினு வரலாம்னு அண்ணன் இழுத்துக்கினு வந்துட்டாரு."

நடராசன் அவளையே பார்த்தார். பிறகு சிரித்தார். அத்தைமார்கள் எல்லா ஊரிலும் அப்படித்தான் என்று சொல்லிப் பத்திரிகையைத் திருப்பிக் கொடுத்தார். ஆனால் போய்விடவில்லை. நான்கடி தள்ளிக் கம்பியில் சாய்ந்துகொண்டு, போனைப் பார்ப்பது போல இவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன தங்கச்சின்னு சொன்னதுக்கு இந்த மாசம் சம்பளம் கூடப் போடணும்," என்று முணுமுணுத்தாள் கலைப்பிரியா. பல் அடித்துக்கொண்டதில் பாதி வார்த்தை வெளியே வரவில்லை.

"திரை போட்ட ஆம்னி," என்றார் குமரேசன் உதடு அசையாமல். "என்ன அந்தாளு விடமாட்டான். நீ போ."

ஐந்து வண்டிகளில் ஆளை ஒளிக்கத் தோதானது அதுதான். நாலு பக்கமும் கறுப்புத் திரை. பின்பக்கம் ஏதோ அசைந்தது போலவும் இருந்தது. கம்பியை விட்டுக் கையை எடுப்பதற்கே அவளுக்குத் தனியாகத் தைரியம் வேண்டியிருந்தது. வாந்தி வருகிறவள் போல வாயைப் பொத்திக்கொண்டு ஆம்னிமேல் சாய்ந்தாள், அதில் நடிப்பு ரொம்ப இல்லை. கண்ணாடி வழியாகத் திரை இடுக்கில் பார்த்தாள். இருட்டுக்குள் இரண்டு கண்கள் அவளைப் பார்த்தன. அலறாமல் இருந்ததே பெரிசு. கண்ணுக்குக் கீழே தாடி இருந்தது, தாடிக்குக் கீழே மாலை இருந்தது. பொங்கலிட்டு வெட்டப் போகிற நேர்த்திக்கடன் கிடா. வண்டிக்காரக் குடும்பம் வெளியே நிழலில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

திரும்பி வந்து குமரேசனிடம் சொன்னாள். "ஆள் இருக்காரு சார். ஆனா கொம்பு வச்சவரு."

பாதித் தூரம் வந்தாயிற்று. மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மூட்டை ஏற்றிய மினி லாரியில் மூட்டைகளுக்கு நடுவே கை நுழைய இடமில்லை. மீன் வண்டியின் பெட்டி, காற்றாடுவதற்காகத் திறந்தே கிடந்தது. சிவப்புக் காரின் டிக்கியை அதன் சொந்தக்காரரே திறந்து தண்ணீர் பாட்டில் எடுத்தார். கடைசியில் ஒரு தண்ணி டேங்கர். உப்பளத்துறையில் எங்கே தோண்டினாலும் உப்புத் தண்ணீர் என்பதால் அது தினமும் காலியாகப் போய் அந்தக் கரையில் நல்ல தண்ணீர் ஏற்றிக்கொண்டு வரும். அதை யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

குமரேசன் மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார். அவர் நெற்றியில் வேர்வை. நான்கு வருஷத்தில் அவர் தோற்றுப் பார்த்ததில்லை என்று சொல்ல முடியாது, நிறையவே தோற்றிருக்கிறார். ஆனால் அப்போதெல்லாம் தோற்றால் ஒரு கல்யாணம் நிற்கும், அவ்வளவுதான்.

படகு ஒரு பக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்தது. கலைப்பிரியா தண்ணீரைப் பார்க்கக்கூடாது என்று முடிவு செய்தாள். பார்க்காமல் இருக்க வேண்டுமானால் வேறு எதையாவது எண்ண வேண்டும். கண்ணுக்கு எதிரே பளிச்சென்று இருந்தது ஆரஞ்சுச் சட்டைகள்தான், அதனால் அதை எண்ணினாள். மினி லாரியில் இரண்டு பேர், கண்ணாடியில் இரண்டு. மீன் வண்டியில் இரண்டு பேர், இரண்டு. காரில் மூன்று பேர், மூன்று. ஆம்னிக்கு ஆறு பேர், ஆறு. கிடாவுக்குக் கொடுக்கவில்லை, பாவம். டேங்கரில்...

அவள் திரும்ப எண்ணினாள். திரும்ப எண்ணுகிற அளவுக்கு அங்கே கூட்டமும் இல்லை. டேங்கர் டிரைவர் ஒற்றை ஆளாகப் பின்கம்பியில் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தான். கண்ணாடியில், ஒன்றின் கழுத்துக்குள் ஒன்றாக, இரண்டு சட்டைகள் தொங்கின.

 கூடவும் கொடுக்கமாட்டேன் என்று அவள் கையிலிருந்து பிடுங்கியவன், அங்கே கூட ஒன்று மாட்டியிருக்கிறான்.

குமரேசனுக்கு விரலைக் காட்டவேண்டிய அவசியம்கூட இருக்கவில்லை. அவள் பார்வை போன இடத்தைப் பார்த்தார், அவரும் எண்ணினார். பிறகு எழுந்து சோம்பல் முறித்துக்கொண்டு டேங்கர் டிரைவரிடம் போய்த் தீப்பெட்டி கேட்டார். கிளீனர் வரவில்லையா என்று சும்மா விசாரித்தார். கிளீனரே கிடையாது, எப்போதும் தனியாகத்தான் ஓட்டுகிறேன் என்றான் அவன். நம்பர் பிளேட்டைப் பார்த்தபடியே திரும்பி வந்தார் குமரேசன்.

"சேட்டு அவங்களோட ஆள். ஆள ஏத்தினது அவனுக்குத் தெரியும்," என்றார். "எல்லார்கிட்டயும் மறைச்சிட்டான். ஆனா உள்ள ஒரு உசுரு இருக்குன்னு தெரிஞ்சிக்கினு, ஒரு சட்டையோட அவனால படக விட முடியல."

கலைப்பிரியா டேங்கரைப் பார்த்தாள். பதினோரு மணி வெயில் நேராக அதன் முதுகில் இறங்கிக்கொண்டிருந்தது. தன் பக்கத்துக் கம்பியே கை வைக்க முடியாமல் சுட்டது. அந்த இரும்பு வயிற்றுக்குள் ஒரு சர்க்கரைக்காரர், காலையிலிருந்து கூழ் இல்லாமல். மேலே மூடி, மூடிக்கு நாலு மரை. சத்தம் எதுவும் வரவில்லை. அதுதான் அவளை ரொம்பப் பயமுறுத்தியது.

தண்ணீரில் நட்டிருந்த மூன்றாவது கம்பத்தைத் தாண்டியதும் போனில் சிக்னல் ஒரு கோடு வந்தது. குமரேசன் நம்பரை அனுப்பினார். உடனே பதில் வந்தது. ஜீப் கிளம்பிவிட்டது, பதினைந்து நிமிஷம்.

வேப்பந்திட்டு எதிரிலேயே தெரிந்தது. துறையில் ஒரு கறுப்புக் கார் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றது. இன்னும் ஆறு நிமிஷம் போனால் அதிகம்.

"பலக ஒம்போது நிமிஷம் லேட்டா எறங்கணும்," என்றார் குமரேசன்.

"அத எறக்கறவன் அவங்க ஆளு சார்."

"கையி இன்னும் அவனோடதுதான். நீ போய்ப் பேசு. நான் அத்தைய வச்சி நடராசனப் புடிச்சி வக்கிறேன்."

அவர் பத்திரிகைக் கட்டோடு நடராசனிடம் போய், உங்களுக்கு ஒன்று வைக்காமல் விட்டால் தப்பு என்று ஆரம்பித்தார். கலைப்பிரியா கம்பியை விட்டாள். வின்ச் வரைக்கும் பதினைந்து அடி இருக்கும். ஒவ்வோர் அடிக்கும் தண்ணீர் தளத்தின் கீழே மடமடவென்று அடித்தது. என்ன பேசுவது என்று ஒன்றும் தோன்றவில்லை. தமாஷ் ஒன்றுகூட வரவில்லை, அவள் வாழ்க்கையில் இது முதல் தடவை.

சேட்டு வின்ச்சில் இரும்புக் கைப்பிடியைச் செருகிக்கொண்டிருந்தான். அவள் தன் சட்டையைக் கழற்றி அவனிடம் நீட்டினாள்.

"டேங்கர்ல ரெண்டு மாட்டிக்கீறீங்க அண்ணா," என்றாள் மெதுவாக.

அவன் டேங்கரைத் திரும்பிப் பார்த்தான். தான் மாட்டியதே அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது. முகம் சாம்பலாகிப் போனது.

விசாரணை முடிகிற வரைக்கும் தள்ளி வைக்கிறோம், அப்புறம் விட்டுவிடுவோம் என்று சொன்னார்கள் என்றான். பேசும்போது அவளைப் பார்க்கவில்லை. தண்ணீரைப் பார்த்தான். வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்றான். தன்னை உள்ளே தள்ளுவதற்கு நடராசனிடம் ஒரு விஷயம் இருக்கிறது என்றான். என்ன விஷயம் என்று சொல்லவில்லை.

"நாளான்னிக்கு அவரு வெளிய வந்து, யார் புடிச்சி வச்சாங்கன்னு சொல்லமாட்டாரா?" என்று கேட்டாள் கலைப்பிரியா. "சொல்லுவாருன்னு அவங்களுக்கும் தெரியும். அப்ப எப்படிண்ணா விடுவாங்க?"

 சேட்டு அவள் நீட்டிய சட்டையை அவளிடமே திருப்பிக் கொடுத்தான். "போட்டுக்கினு போய் ஒக்காரும்மா," என்றான்.

அவன் என்ன செய்யப் போகிறான் என்று தெரியாமலேயே அவள் திரும்பி வந்தாள். சட்டையின் கொக்கியை மாட்ட மறந்துபோனாள்.

படகு கரையில் இடித்தது. வண்டிக்காரர்கள் எழுந்தார்கள். ஆம்னிக் குடும்பம் இட்லிப் பாத்திரத்தை மூடியது. டேங்கர் டிரைவர் ஏறி உட்கார்ந்து இன்ஜினைப் போட்டான். எல்லோரும் பலகையைப் பார்த்தார்கள். பலகை இறங்கவில்லை.

வின்ச் பக்கத்தில் சேட்டு நின்றுகொண்டிருந்தான். கைப்பிடியை உருவி இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்திருந்தான்.

ஜல்தியா இறக்குடா என்றார் நடராசன். குரலில் தேன் இல்லை.

"தல எண்ணிட்டேன்," என்றான் சேட்டு. அவன் குரல் உடைந்தது, ஆனால் படகு முழுக்கக் கேட்டது. "சட்டை இருக்குது. ஆளக் காணோம். ஒரு உசுரு கொறையுது. அந்த ஆள் வராம பலக எறங்காது."

பதினைந்து நாளைக்கு முன் செத்தவளை அந்தப் படகில் இருந்த யாரும் மறந்திருக்கவில்லை. ஆள் குறைகிறது என்றால் அவர்களுக்கு ஒரே அர்த்தம்தான். ஒரு பெண் பிள்ளைகளை இழுத்து இடுப்போடு சேர்த்துக்கொண்டாள். ஆண்கள் கம்பிக்கு ஓடி இரண்டு பக்கமும் தண்ணீரைப் பார்த்தார்கள். யார், எங்கே விழுந்தார், எந்த வண்டி என்று எல்லோரும் ஒரே சமயத்தில் கேட்டார்கள். நீ எண்ணினது தப்புடா என்று நடராசன் அவன் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"டேங்கர்ல ரெண்டு," என்றான் சேட்டு. "ஒண்ணு ஓட்டறவனுக்கு. இன்னொண்ணு உள்ள இருக்கிறவருக்கு. மூடிய முடுக்கினதே நான்தான்."

படகில் இருந்த அத்தனை தலையும் டேங்கர் பக்கம் திரும்பியது. கரையில் நின்ற கறுப்புக் கார் கதவை மூடிக்கொண்டு கிளம்பிவிட்டது. நடராசன் அதைப் பார்த்தார், பிறகு தன்னைச் சுற்றி நின்றவர்களைப் பார்த்தார். மல்லாட்டை லாரிக்காரர் டேங்கர் சாவியை உருவிக்கொண்டார். போவதற்கு இடமில்லை, சுற்றி மூன்று பக்கம் தண்ணீர், நான்காவது பக்கம் பலகை.

சேட்டு ஸ்பேனரை எடுத்துக்கொண்டு டேங்கரின் ஏணியில் ஏறினான். பின்னாலேயே ஏறியது யார் என்று பார்த்தால் கலைப்பிரியா. தான் ஏறிக்கொண்டிருப்பதே பாதி ஏணியில்தான் அவளுக்குத் தெரிந்தது. மேலே கால் வைத்தால் செருப்பைத் தாண்டிச் சுட்டது. ஸ்பேனர் இரண்டு தடவை வழுக்கியது. மூன்றாவது மரையிலிருந்து அவள் பிடித்துக்கொண்டாள், அவன் திருகினான். மூடியைத் தூக்கியதும் உலைமூடி திறந்தது போல ஓர் ஆவி முகத்தில் அடித்தது. உள்ளே இருட்டு. ஒன்றும் அசையவில்லை.

லேட்டாக வந்துவிட்டோம் என்று நினைத்தாள் கலைப்பிரியா. முனியம்மாளுக்கு யார் சொல்வது, எப்படிச் சொல்வது என்றுகூட யோசித்துவிட்டாள்.

சேட்டு தலையை உள்ளே விட்டு, அண்ணா என்று கூப்பிட்டான். இன்னொரு தடவை கூப்பிட்டான். அடியிலிருந்து, இரும்பை நகத்தால் சுரண்டுகிற சத்தம் வந்தது.

நாலு பேர் சேர்ந்து தூக்கி வெளியே எடுத்தார்கள். கை கட்டியிருந்தது, வாயில் பிளாஸ்திரி. மினி லாரியின் நிழலில் படுக்க வைத்தார்கள். ஆம்னிக் குடும்பத்துப் பெண் தண்ணீரும் ஒரு துண்டு வெல்லமும் கொண்டுவந்தாள். குமரேசன் வெல்லம் வேண்டாம் என்று கையைத் தடுத்தார், பிறகு விருத்தாசலத்தின் முகத்தைப் பார்த்துவிட்டு, காலையிலிருந்து சாப்பிடாதவர், பரவாயில்லை கொடும்மா என்றார். கலைப்பிரியா போனை எடுத்து முனியம்மாளுக்குப் போட்டாள். இருக்காரும்மா, உசுரோட இருக்காரும்மா என்று மட்டும் சொல்ல முடிந்தது. அந்தப் பக்கம் அழுகைதான் கேட்டது, இந்தப் பக்கமும் அப்படித்தான்.

துறை ரோட்டில் தூரத்தில் ஜீப் புழுதி கிளப்பிக்கொண்டு வந்தது. நடராசனை இரண்டு பேர் பிடித்து வைத்திருந்தார்கள். அவர் யாருக்கும் கேட்காத குரலில் சேட்டுவிடம் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார். சேட்டு அவரிடமும் போகவில்லை, விருத்தாசலத்திடமும் போகவில்லை. கைப்பிடியைக் கட்டிக்கொண்டு வின்ச் ஓரமாகவே நின்றான்.

விருத்தாசலம் கண்ணைத் திறந்து அவனைத் தேடினார். இரண்டு மடக்குத் தண்ணீர் குடித்த பிறகுதான் குரல் வந்தது.

"சேட்டு. நாளைக்குப் பத்து மணிக்குத் திண்டிவனம். நீயும் வர்ற."

சேட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"அந்தப் பொண்ணு அன்னைக்கு எங்கிட்ட சட்டை கேட்டுச்சிண்ணா," என்றான். "கார்லதான ஒக்காந்துக்கினு போற, உனக்கு எதுக்கும்மான்னு சொல்லிட்டேன். குடுக்கல. நடராசன் சாரு பாத்துக்கினு இருந்தாரு. அத வச்சிதான் என்ன மெரட்டினாரு."

  விருத்தாசலம் லாரிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார்.

"சங்கிலி கத நான் சொல்றேன்," என்றார். "சட்டை கத நீ சொல்லு. ரெண்டையும் சொன்னாத்தான் அந்தப் பொண்ணு எப்படிச் செத்துச்சின்னு அது ஊட்டுக்காரங்களுக்குத் தெரியும்."

சேட்டு தலையை ஆட்டினான். முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து, வின்ச்சில் கைப்பிடியைச் செருகிப் பலகையை இறக்கினான்.